களக்காட்டு உயிரியல் வகுப்புப் பிள்ளைகளுக்கு



களக்காட்டிலும் பத்மநேரி, மாவடி, திருக்குறுங்குடி, ஏர்வாடி என்று சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்து, உயிரியலைப் பாடமாக எடுத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். விலங்கியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லும் குறை ஒன்றுதான். "கணக்குன்னா போட்டுப் பாத்துரலாம் சார். இதுல பூராவும் பேருதான். எதை எதுக்குன்னு நெட்டுரு போட?"

நியாயமான குறைதான். செல், திசு, நொதி, ஹார்மோன், ஏற்பி, எதிர்ப்பொருள், படியெடுத்தல், ரிபோசோம் என்று ஒரே பக்கத்தில் பத்துப் பெயர்கள் வந்தால் யாருக்கும் மலைப்புத் தட்டும். ஆனால் அந்தப் பெயர் ஒவ்வொன்றும் உடம்புக்குள் நடக்கும் ஒரு வேலைக்கு இட்ட பெயர். அந்த வேலைகளில் பாதியை நீங்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள். மாட்டுத்தொழு உள்ள வீட்டிலோ, ஆடு கட்டிய திண்ணை உள்ள தெருவிலோ வளர்ந்த பிள்ளைக்கு உடற்செயலியல் புதுப் பாடமே இல்லை. வேலையைப் பார்த்துவிட்டீர்கள், பெயர் மட்டும் பின்னால் வருகிறது. இதை உங்களை நம்பவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சீம்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் கடும்பு என்பார்கள். மாடு ஈன்றதும் முதல் கறவையில் வருவது மஞ்சளாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். சாதாரணப் பாலை அடுப்பில் வைத்தால் பொங்கும். சீம்பாலைக் கருப்பட்டி தட்டிப்போட்டுச் சூடாக்கினால் அது திரண்டு, கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்துக்குக் கட்டியாகிவிடும். ஏன்? சாதாரணப் பசும்பாலில் நூற்றுக்கு மூன்று பங்கு, மூன்றரைப் பங்குதான் புரதம். முதல் கறவைச் சீம்பாலில் அது ஏறக்குறைய பதினான்கு பங்கு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து நிற்கிறது. அது செய்யும் வேலை முழுவதும் அந்த வடிவத்தால் ஆவது. சூடு ஏறியதும் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்து, இடையில் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு கட்டியாகின்றன. பாடப்புத்தகம் 'இயல்பிழத்தல்' என்று சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டு அடுப்பில் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தது அது.

அந்தப் பதினான்கு பங்கில் கணிசமான பகுதி எதிர்ப்பொருள். தாய்மாடு தன் வாழ்நாளில் எந்தெந்தக் கிருமிகளோடு மல்லுக்கட்டியதோ அந்தந்தக் கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள் அவை. மனிதக் குழந்தைக்கு இந்த எதிர்ப்பொருள்கள் கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து போய்ச் சேர்ந்துவிடும். மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அதில் எதிர்ப்பொருள் கடந்து போகாது. அதனால் கன்று பிறந்து விழும்போது கிருமிகளை எதிர்க்க அதன் ரத்தத்தில் அனேகமாக ஒன்றுமே இருப்பதில்லை. சீம்பால்தான் அதற்குக் கிடைக்கும் முதல் காப்பு.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். எழுந்தால் நீங்கள் பாடத்தைப் பிடித்துவிட்டீர்கள். புரதத்தைச் சாப்பிட்டால் வயிற்றில் நொதிகள் அதை அமினோ அமிலங்களாக நறுக்கிவிடும் என்றுதானே செரிமானப் பாடத்தில் படித்தீர்கள்? பிறகு எதிர்ப்பொருள் முழுசாக எப்படி ரத்தத்துக்குப் போகும்? பிறந்த முதல் நாள் கன்றின் குடல் மற்ற நாட்களைப்போல் வேலை செய்வதில்லை. சிறுகுடலின் செல்கள் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே விழுங்கி ரத்தத்தின் பக்கம் கடத்திவிடுகின்றன. டிரிப்சின் என்னும் செரிமான நொதியை அடக்கி வைக்கும் பொருளும் சீம்பாலிலேயே இருக்கிறது. ஆனால் இந்த வாசல் நெடுநேரம் திறந்திருக்காது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் மிக நன்றாக உள்வாங்கும். பிறகு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாள் ஆனதும் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அதன்பின் எத்தனை படி சீம்பால் ஊட்டினாலும் அது கன்றுக்கு உணவாகுமே தவிர, ரத்தத்தில் எதிர்ப்பொருளாகச் சேராது.

நம் பக்கம் பல வீடுகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை மடியில் விடவேண்டும் என்பார்கள். சில மாட்டுக்கு அது விழ எட்டு மணி நேரம்கூட ஆகும். அந்த எட்டு மணி நேரம் கன்றுக்கு இழப்பு. வழக்கத்தைச் சொல்லும் பெரியவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர்கள் கைப்பக்குவத்தில்தான் நம் மாடுகள் இத்தனை காலம் பிழைத்தன. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் படித்த பாடம் அவர்களுக்கு உதவும். கன்று ஊட்டினால் நஞ்சுக்கொடி விழுவதற்கே அது துணை செய்யும் என்று சொல்லுங்கள். எப்படி என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: ஆக்ஸிடோசின்.

கன்று முட்டிமுட்டிக் காம்பைச் சப்பும்போது அந்தத் தொடுகை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. ஹைப்போதலாமஸில் தயாராகி, பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் காத்திருக்கும் ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மடிக்கு வந்து, பால் சுரந்து நிற்கும் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசைபோன்ற செல்களைச் சுருங்கச் செய்கிறது. பால் இறங்குகிறது. அதே ஹார்மோன் கருப்பையையும் சுருங்கவைக்கும். நஞ்சுக்கொடி வெளியேற அந்தச் சுருக்கம் உதவுகிறது.

ரத்தம் உடம்பு முழுவதும் போகிறது. ஆக்ஸிடோசின் கொம்புக்கும் குளம்புக்கும்கூடத்தான் போகும். அங்கெல்லாம் ஒன்றும் ஆகாமல் மடியிலும் கருப்பையிலும் மட்டும் வேலை நடப்பானேன்? அந்தச் செல்களின் மேல்தான் ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் புரதம் நிறைய இருக்கிறது. அந்தப் புரதத்துக்குப் பெயர் ஏற்பி. ஹார்மோன் என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் நாளமில்லாச் சுரப்பி, ரத்தம், இலக்கு உறுப்பு என்று மூன்று வரி எழுதுவீர்கள். அந்த மூன்று வரியும் ஒரு கறவையில் அடங்கிவிடுகிறது. பழக்கமில்லாத ஆள் கறக்க உட்கார்ந்தாலோ, நாய் குரைத்து மாடு மிரண்டாலோ பால் இறங்காமல் போவதையும் பார்த்திருப்பீர்கள். மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின், ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. ஹார்மோன் என்ற பெயரை 1905ல் ஸ்டார்லிங் வைத்தார். பேய்லிஸோடு சேர்ந்து செக்ரிட்டினை அவர் கண்டுபிடித்தது 1902ல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, கறக்கும் முன் கன்றை ஊட்டவிடவேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இனி மூலக்கூறு உயிரியலுக்கு வருவோம். அது வேறு பாடம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். பேச்சு இன்னும் ஆக்ஸிடோசினைப் பற்றித்தான். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு சங்கிலி அது. வின்சென்ட் டு வினியோ இதை 1953ல் ஆய்வகத்தில் செய்துகாட்டி 1955ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இதற்குக் கூடப்பிறந்த மாதிரி வாசோபிரெஸ்ஸின் என்று இன்னொரு ஹார்மோன் உண்டு. அதுவும் ஒன்பது அமினோ அமிலம், அதுவும் பிட்யூட்டரியின் பின்பக்கத்திலிருந்து வருவது. ஒன்பதில் இரண்டு மட்டும் வேறு. அந்த இரண்டின் மாற்றத்தால் அதன் வேலையே மாறிவிடுகிறது. பங்குனி வெயிலில் தண்ணீர் கிடைக்காமல் மேயும் ஆட்டின் சிறுநீரகத்தில் தண்ணீரைச் சேமித்து, சிறுநீரை இறுகச் செய்வது வாசோபிரெஸ்ஸின்.

ஆக, எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்ற வரிசைதான் எல்லாமே. அந்த வரிசை எங்கே எழுதியிருக்கிறது? டி.என்.ஏ.வில். எழுதியிருக்கும் அந்தப் பகுதிக்குப் பெயர் மரபணு. டி.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே வருகிறது. ரிபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலமாகக் கோக்கிறது. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64. அவற்றில் 61 அமினோ அமிலத்தைக் குறிக்கும், 3 நிறுத்தச் சொல்லும். ஆக்ஸிடோசினைச் செல் முதலில் நீளமான சங்கிலியாகவே கோக்கிறது, பிறகு அதிலிருந்து இந்த ஒன்பதை நறுக்கி எடுக்கிறது. எதிர்ப்பொருளும் இப்படித்தான், ஏற்பியும் இப்படித்தான், டிரிப்சினும் இப்படித்தான். புத்தகத்தில் தனித்தனி அத்தியாயத்தில் இருப்பவை செல்லுக்குள் ஒரே பட்டறையில் தயாராகின்றன. இந்த மூன்றெழுத்துக் குறியீட்டை விடுவித்ததற்காக 1968ல் நோபல் பெற்றவர்களில் ஹர் கோவிந்த் கொரானா ஒருவர். ரிபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ல் பெற்றவர்களில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஒருவர். அவர் 1952ல் பிறந்தது நம் சிதம்பரத்தில்.

வெளிநாட்டுக்குப் போய்ப் புகழ்பெற்றவர்களை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இருந்து உலகம் திரும்பிப் பார்க்கும் வேலையைச் செய்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று முன்வைத்தார்கள். கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்கள் அவர்களுக்குச் சான்றாயின. நமக்குக் கங்காரு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் போதும். நெடுநேரம் வேகவைத்த ஆட்டுக்கால் சாறு ஆறினதும் தளதளவென்று உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலில் இறைச்சி குறைவு, தசைநாணும் தோலும் எலும்பும்தான் அதிகம். அத்தனையிலும் கொலாஜன். கொதியில் மூன்று இழையும் பிரிந்து ஜெலாட்டினாகிச் சாற்றில் கரைகிறது. ஆறும்போது பழையபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், ஆனால் முழுதாகச் சேர முடியாமல் அங்கங்கே பின்னி வலையாகித் தண்ணீரைப் பிடித்து நிற்கும். கொலாஜன் சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் அமினோ அமிலம். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று இழை நெருங்கி முறுக்கும்போது நடுவில் இருக்கும் இடுக்கில் அதற்குத்தான் இடம் உண்டு. உங்கள் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் இந்தக் கொலாஜன்தான். 1963ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன் (மேலே சொன்னவர் அல்ல, வேறொருவர்), சசிசேகரன் மூவரும் வெளியிட்ட ஒரு வரைபடம் இருக்கிறது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எதில் மடிய முடியாது என்று காட்டுவது. உலகத்தில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்றே அதற்குப் பெயர்.

தமிழில் படிப்பதால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உங்களில் பலருக்கு இருப்பது தெரியும். அதைப்பற்றியும் பேசவேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூற்றியலையும் உடற்செயலியலையும் தமிழ்ப் புத்தகங்களாக்கினார். நம் திருநெல்வேலியில் 1934ல் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் அதன் செயலாளர் இ.மு. சுப்பிரமணிய பிள்ளையும் அறிவியல் பாடங்களுக்குக் கலைச்சொல் தொகுக்கும் பெரும்பணியை எடுத்துச் செய்து, 1938ல் நூலாகவும் கொண்டுவந்தார்கள். இன்று இலங்கையில் பிள்ளைகள் செல்லைக் கலம் என்றும் திசுவை இழையம் என்றும் படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். தமிழில் உயிரியலைச் சிந்திக்க முடியுமா என்பது எப்போதோ தீர்ந்துபோன கேள்வி.

ஆனால் தேர்வு மண்டபம் வேறு. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. தமிழில் எழுதியவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர். அந்த ஆண்டு ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை முதலில் நிறுத்திவைத்து, நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. தமிழ்க் கேள்வியில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே முடிவானது என்பது அந்தத் தேர்வின் விதி. அந்த விதி தமிழ் வழிப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. கேள்வியைத் தமிழில் கொடுப்பவர்கள் அதற்குப் பொறுப்பேற்கவேண்டும். அது மாறும்வரை உங்கள் தற்காப்பு உங்கள் கையில்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். நடக்கும் வேலையைத் தமிழில் புரிந்துகொண்டவருக்கு இரண்டாவது பெயரைச் சேர்த்துவைப்பது பெரிய பாரமில்லை. வேலையே புரியாதவருக்கு இரண்டு மொழியிலும் மனப்பாடம்தான் மிஞ்சும்.

தொழுவை விட்டுக் கொஞ்சம் மேற்கே மலையைப் பாருங்கள். நீங்கள் தலையணை என்னும் இடத்துக்குக் குளிக்கப் போகும் அந்தக் காட்டின் பெயரை ஒரு தவளை உலகமெங்கும் தாங்கி நிற்கிறது. 1927ல் ஆல் என்பவர் பெயரிட்ட ராக்கோஃபோரஸ் கால்கடென்சிஸ், அதாவது களக்காட்டுப் பறக்கும் தவளை. அங்குள்ள புலிகள் காப்பகத்தின் மேல்மலையில் ஈத்தை மூங்கில் புதர்களுக்குள் இன்னொரு சிறு தவளை இருக்கிறது. ராவோர்கெஸ்டெஸ் சாலசோடெஸ் என்று பெயர். 1876ல் விவரிக்கப்பட்டு, பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011ல் மறுபடி கிடைத்தது. மூங்கில் கணுவிடையில் இருக்கும் சிறு துளை வழியே உள்ளே போய் முட்டையிடும். ஆண் தவளை உள்ளேயே இருந்து முட்டைகளைக் காக்கும். நீரில் நீந்தும் தலைப்பிரட்டை என்ற பருவமே வெளியே கிடையாது, முட்டையிலிருந்து குட்டித் தவளையே வரும். தலைப்பிரட்டை தவளையாவதைத் தைராய்டு ஹார்மோன் நடத்துகிறது என்று படித்திருப்பீர்கள். 1912ல் கூடர்நாட்ச் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டைத் தின்னக் கொடுத்ததும் அவை காலத்துக்கு முன்பே தவளையாக மாறத் தொடங்கின. அந்த மாற்றம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே முடித்துவிடும் தவளை உங்கள் ஊர் மலையில் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் அதைத் தேடிப் போகவேண்டாம், முட்டையிருக்கும் மூங்கிலை வெட்டவும் வேண்டாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆடு மாடு வளர்க்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் உடம்புச் சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். சினை, ஈற்று, மடி இறங்குதல், அசைபோடுதல், உப்புசம், கழிச்சல், துள்ளுமாரி என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உடற்செயல் என்ன, எந்தச் சுரப்பி, எந்த நொதி, எந்தப் புரதம் என்று நீங்களே புத்தகத்தைப் பார்த்து நிரப்புங்கள். துள்ளுமாரியை மட்டும் நான் தொடங்கிவைக்கிறேன். மழைக்குப்பின் இளம்புல்லை வயிறுமுட்ட மேய்ந்த ஆட்டின் குடலில் ஒரு பாக்டீரியா பெருகி, வீரியமில்லாத ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. செரிமானத்துக்காக ஆடு சுரக்கும் டிரிப்சினே அதை நறுக்கிக் கொடிய நஞ்சாக்கிவிடுகிறது. கால்நடை மருந்தகத்தில் மழைக்காலத்துக்கு முன் போடும் தடுப்பூசி, அந்த நஞ்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆட்டின் உடம்பில் உண்டாக்குவதற்காக. இதை வீட்டில் சொல்லுங்கள், ஊசி போடும் நாளில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போங்கள். மற்றச் சொற்களை நீங்கள் எழுதி, உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, பள்ளி நூலகத்தில் ஒரு படி வையுங்கள். உங்களுக்கு அடுத்து வரும் பிள்ளைகள் அதிலிருந்து படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து விலங்கியல் ஆசிரியர் ஒருவர்